நூற்பகுப்பும் நூற்பட்டியலும்

நூலகத்தில் உள்ள நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வரிசைப்படுத்துவது நூற்பகுப்பு எனப்படும். ஒவ்வொரு நூலின் விவரங்களையும், வாசகர் தேடக்கூடிய பெயர்களின்கீழ்ப் பதிந்து வைப்பது நூற்பட்டியல் எனப்படும். பகுப்பு, நூலுக்கு அலமாரியில் ஓர் இடம் தருகிறது. பட்டியல், அந்த இடத்துக்கு வழி காட்டுகிறது. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும், நூல் நூலகத்துக்குள் இருந்தும் வாசகருக்கு இல்லாததாகிவிடும். இவ்விரண்டின் அடிப்படைகளையும் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த ராஜாஜியின் நூல்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

ஓர் ஆசிரியர், மூன்று அலமாரிகள்

ராஜாஜி இராமாயணத்தை ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்ற பெயரில் எழுதினார். சிறுகதைகளும் எழுதினார். வேதியியலை எளிய தமிழில் சொல்லும் ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலும் அவருடையதே. ஆசிரியர் ஒருவர் என்பதற்காக இவற்றை ஒரே இடத்தில் அடுக்கினால், வேதியியல் தேடும் மாணவர் கண்ணில் ‘திண்ணை ரசாயனம்’ படாது. எனவே நூலகம் பொருளையே முதன்மையாகக் கொள்கிறது.

அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை அறிவுத்துறை முழுவதையும் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்தது. அம்முறையில் வேதியியலுக்கு 540, தமிழ் இலக்கியத்துக்கு 894.811, இந்து சமயத்துக்கு 294.5 என எண்கள் உள்ளன. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ சமயத்தில் சேருமா, இலக்கியத்தில் சேருமா என்பதை நூலகர் முடிவு செய்ய வேண்டும். எடுத்த முடிவை அதுபோன்ற எல்லா நூல்களுக்கும் மாறாமல் பின்பற்ற வேண்டும்.

இம்முறையில் இந்திய நூலகங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற மூன்று இலக்கம் போதும். தமிழுக்கோ ஆறு இலக்கம் வேண்டும். சமய வகுப்பிலும் பெரும்பகுதி எண்கள் கிறித்துவத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தன.

ரங்கநாதன் கண்ட வழி

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றபோது, ஒரு கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதில் அதே துண்டுகளை வெவ்வேறு விதமாக முடுக்கிப் பல பொம்மைகள் செய்யலாம். பொருள்களுக்கும் அப்படியே எண் அமைத்தால் என்ன என்று எண்ணினார். அதன் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

எடுத்துக்காட்டாக, ‘கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரத்துக்கு வரும் நோய்கள்’ என்ற நூலை எடுத்துக்கொள்வோம். இதில் மாமரம், நோய், கிருஷ்ணகிரி என்ற கூறுகள் உள்ளன. முன்கூட்டியே எழுதிவைத்த எண்ணைத் தேடாமல், ஒவ்வொரு கூறுக்கும் உரிய குறியீட்டை எடுத்து முக்காற்புள்ளி போன்ற நிறுத்தக்குறிகளால் இணைப்பதே இம்முறை. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகளுக்குள் எந்தப் பொருளையும் பிரித்துவிடலாம் என்பது ரங்கநாதனின் கொள்கை.

இ-யில் தேடுவதா, ர-வில் தேடுவதா?

பட்டியலில் பெரிய இடர் பெயரால் வருவது. ராஜாஜி, இராஜாஜி, சி. ராஜகோபாலாச்சாரி ஆகிய மூன்றும் ஒருவரையே குறிக்கும். அகரவரிசையில் முதலாவது ரகரத்திலும், இரண்டாவது இகரத்திலும் போய்விடும். முதலெழுத்தைக் கணக்கில் கொண்டால் மூன்றாவது சகரத்துக்குப் போகும். தேடி வந்தவர் பாதி நூல்களை மட்டும் பார்த்துவிட்டு, மற்றவை இல்லை என்று திரும்பிவிடுவார்.

இதற்கு நூலகம் ஒரு வடிவத்தைத் தலைப்பாக நிலைநிறுத்தி, மற்ற வடிவங்களின்கீழ் ‘ராஜாஜி – காண்க’ என்று குறிப்பு எழுதுகிறது. ஐரோப்பியப் பெயர்களில் குடும்பப் பெயரை முன்னே கொண்டுவரும் விதி தமிழருக்குப் பொருந்தாது. தமிழரின் முதலெழுத்து ஊரையோ தந்தையையோ குறிப்பது, ‘சீ. இரா.’ என்பதில் சீர்காழியும் தந்தை இராமாமிருதமும் உள்ளனர். இத்தகைய இந்தியப் பெயர்களையும் கருத்தில் கொண்டு ரங்கநாதன் 1934இல் பட்டியலாக்க விதிநூல் ஒன்றை வெளியிட்டார்.

விதிகளின் நோக்கம்

1931இல் வெளியான தம் ஐந்து விதிகளில், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்றும், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்றும் ரங்கநாதன் வகுத்தார். அவர் வலியுறுத்திய பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் நிறைவேறியது. பின்னாளில் தொரப்பள்ளிக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் குடியேறி, 1962இல் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அங்கேயே 1972இல் மறைந்தார்.

இன்று அட்டைப் பெட்டிகளின் இடத்தில் கணினி வந்துவிட்டது. ஆயினும் ‘இராஜாஜி’ என்று தட்டச்சு செய்பவருக்கு ‘ராஜாஜி’ நூல்களும் கிடைக்க வேண்டுமானால், அந்த இணைப்பை யாரேனும் ஒருவர் முன்பே பதிந்து வைத்திருக்க வேண்டும். கணினியில் ஆனாலும் அட்டையில் ஆனாலும் பட்டியல் எழுதுபவரின் கடமை அதுவே.