பதவியைத் துறந்த மேய்ப்பர்

நம் கோவை மறைத்தளத்தின் முதல் மேய்ப்பர் பிரெசில்லாக் ஆண்டகை, 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகித் திருச்சபையை வழிநடத்த வேண்டும் என்பதே அவருடைய உறுதி. உடன் உழைத்த பிரெஞ்சு மறைப்பணியாளர் பலர் அதை ஏற்கவில்லை. சாதி வழக்கங்களைப் பற்றிய கேள்வியும் அவர் மனச்சான்றை உறுத்தியது. 1855-இல் பதவியைத் துறந்தார்.

ஆனால் பணியைத் துறக்கவில்லை. 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோன் சென்று, ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலால் உயிர்நீத்தார்.

இன்று நம் பீடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளே திருப்பலி நிறைவேற்றுகிறார்கள். அவர் விரும்பியது இதைத்தானே! பங்குப் பேரவையிலும் அன்பியத்திலும் பொறுப்பு வகிக்கும் நாம், நமக்குப் பின் வருபவர்களை ஆளாக்குகிறோமா? சிந்திப்போம்.