மெட்டுக்கு ஒரு வழக்கு – 6: புல்லாங்குழல் எந்தப் பக்கம்?

சென்ற வாரம் 1969 டிசம்பரில், லண்டனில் நிறுத்தியிருந்தோம்.

அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் கிங் கிரிம்சன் தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டிருந்தார்கள். நீண்ட பாட்டுகள், நடுவழியில் மாறும் தாளங்கள், மெலட்ரான் என்ற கீபோர்டிலிருந்து ஒரு ஆர்கெஸ்ட்ராவே எழுந்து வருவது போன்ற முழக்கம். புரோகிரசிவ் ராக் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கணம் வகுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த இலக்கணத்தின் மை காய்வதற்குள் ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ வந்து சேர்ந்தது. அதில் இருந்தவை பெரும்பாலும் பிரிட்டனின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட பழைய கதைப்பாடல்கள். தேவதைகளின் பிடியிலிருந்து காதலனை மீட்கும் பெண், பிரபுவின் மனைவியோடு பிடிபட்டுக் கொல்லப்படும் இளைஞன். இந்தக் கதைகளுக்குக் கீழே எலெக்ட்ரிக் கிதார், பிடில், டிரம்ஸ். ஒரு பாட்டு ஏழு நிமிடம், இன்னொன்று எட்டு நிமிடம்.

இது புரோகிரசிவ் ராக்கா, நாட்டுப்பாட்டா?

கேள்வி முதலில் உடைத்தது அந்தக் குழுவைத்தான். பாஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், பழைய மரபுக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்றார். பாடகி சாண்டி டென்னிக்குத் தன் சொந்தப் பாட்டுகள் முக்கியமாக இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருமே விலகிவிட்டார்கள்.

லண்டனில் நடந்த இந்தச் சண்டைக்கு நங்கநல்லூரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய வேலை இருக்கிறது. மார்கழி விடியலில் நம் தெருக்களில் பஜனைக் கோஷ்டி பாடிக்கொண்டு போகிறது. அன்று மாலையே அதைப் பாடியவர்களில் பாதிப் பேர் கச்சேரியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறார்கள். அங்கே பாடகர் வர்ணத்தில் தொடங்கி, ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் முடித்து, தனி ஆவர்த்தனமும் ஆன பிறகு காவடிச்சிந்துக்கு வருகிறார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரிப் பத்ததியில் அதற்குத் துக்கடா என்ற இடம்தான். ஆனால் அந்தச் சிந்துக்கு உரிய செஞ்சுருட்டியோ, மகுடி ஊதுபவர்களிடம் கேட்கும் புன்னாகவராளியோ நாட்டுப்புறத்திலிருந்து வந்தவை என்பது சங்கீதம் தெரிந்த எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். மெட்டு ராகமாக ஏற்கப்பட்டுவிட்டது. பாட்டுக்கு மட்டும் கடைசிப் பந்தி.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காவடி எடுப்பவரின் கால் போடும் நடையில் பிறந்த மெட்டு அது. அதன்மேல் அவர் அடுக்கிய எதுகையும் இயைபும் சந்தமும் பெரும் புலவருக்கே மூச்சு வாங்க வைப்பவை. எளிய மெட்டு என்பதற்காக அதை எளிய படைப்பு என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் இங்கிலாந்துக்கு வாருங்கள். அங்கே ஒருவர் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

*

அவர் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன். ஆரம்பத்தில் கிதார் வாசித்தவர். எரிக் கிளாப்டன் அளவுக்குத் தன்னால் வாசிக்க முடியாது என்று தெளிந்து, ராக் குழுக்களில் அதிகம் பேர் தொடாத புல்லாங்குழலை எடுத்துக்கொண்டார்.

1971-ல் ‘அக்வாலங்’ வந்தது. முழுத் தட்டும் ஒரே கருத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட படைப்பு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆண்டர்சன் மறுத்தார், இவை தனித்தனிப் பாட்டுகள் என்றார். யாரும் கேட்கவில்லை. சரி, ஒரே கருத்துதானே வேண்டும் என்று அடுத்த ஆண்டே ‘திக் அஸ் எ பிரிக்’ தந்தார். தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு, நாற்பது நிமிடங்களுக்கு மேல். உறையே 12 பக்கச் செய்தித்தாள். எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதை என்று ஒரு கற்பனைக் கதை. புரோகிரசிவ் ராக்கின் பெருமிதத்தைக் கிண்டல் செய்யத்தான் அதை எழுதினார். ஆனால் ரசிகர்கள் அதை அந்த வகையின் சிகரம் என்றே கொண்டாடினார்கள். அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் முதல் இடத்தையும் அது பிடித்தது.

ஆக, 1972-ல் ஜெத்ரோ டல் புரோகிரசிவ் ராக் குழு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் 1977-ல் வந்தது.

லண்டன் தெருக்களில் பங்க் இசை வெடித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று கார்டு போதும், மூன்று நிமிடம் போதும் என்று இளைஞர்கள் நீண்ட பாட்டுகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஆண்டர்சன் ‘சாங்ஸ் ஃப்ரம் தி வுட்’ என்று காட்டுப் பக்கம் திரும்பினார். வயல், மரம், அறுவடை, குளிர்காலப் பண்டிகை, கிராமத்துக் காதல். பாதிப் பாட்டுகள் நாலைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. முதல் தடவையிலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள்.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்.

ஒரு கட்சி சொன்னது: நாற்பது நிமிடப் பாட்டு கட்டியவர் நாட்டுப்பாட்டுக்கு இறங்கிவிட்டார். இனிமையாக இருக்கிறது, சரி. இனிமை புரோகிரசிவ் ஆகிவிடுமா?

மறு கட்சி சொன்னது: முதல் பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். வாத்தியமே இல்லாமல் பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. பிறகு தாளம் எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் இரண்டாவது கட்சி. அதற்கு என் சாட்சி அந்தத் தட்டில் உள்ள ‘பிப்ராக்’ என்ற எட்டு நிமிடப் பாட்டு. பிப்ராக் என்பது ஸ்காட்லாந்தின் பைப் வாத்தியக்காரர்கள் காத்துவந்த ஒரு வடிவம். ஒரு கரு மெட்டை முதலில் நிதானமாக வாசித்து, அதைப் படிப்படியாக அலங்கரித்து விரித்துக்கொண்டே போய், கடைசியில் கருவுக்கே திரும்புவார்கள். ராக்கில் எவரும் புரோகிரசிவ் என்ற சொல்லை நினைக்காத காலத்திலேயே மலைநாட்டு வாத்தியக்காரர்களிடம் இந்தக் கட்டுமானம் இருந்தது. ஆண்டர்சன் எங்கும் இறங்கவில்லை. அவர் போன இடமே உயரமானது.

ஆகவே மெட்டு எந்த வீட்டில் பிறந்தது என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதை வைத்து என்ன கட்டினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். நாட்டுப்பாட்டை அப்படியே வாங்கி, கீழே டிரம்ஸ் மட்டும் சேர்த்துப் பாடும் குழுவைப் புரோகிரசிவ் ராக் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் அந்தக் குழுவுக்கு மதிப்புக் குறைவும் இல்லை. நல்ல நாட்டுப்பாட்டுக்கு வேறு பட்டம் தேவையில்லை.

இந்த அளவுகோல் நம் பக்கத்துக்கும் பொருந்தும். 2007-ல் சன் டிவியில் ஏ.ஆர். ரஹ்மான் நடத்திய ‘ஊ லா லா லா’ போட்டியால் நமக்குத் தெரியவந்த பெங்களூருக் குழு அகம். கர்நாடக புரோகிரசிவ் ராக் என்று தங்கள் இசைக்குப் பெயர் வைத்தார்கள். 2012-ல் வந்த அவர்களுடைய முதல் தட்டில் தில்லானாவும் இருக்கிறது, கேரளத்துப் படகுப் பாட்டும் இருக்கிறது. துடுப்பு போடுபவர்கள் பாடும் அந்த மெட்டை ஹரீஷ் சிவராமகிருஷ்ணனும் குழுவினரும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால், அது துக்கடா இல்லை என்று புரியும்.

*

சண்டை இத்தோடு முடிந்திருந்தால் இந்தத் தொடருக்கு வேலையில்லை.

1989 பிப்ரவரி 22. லாஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் ஆடிட்டோரியம். ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து கிராமி முதல் தடவையாக விருது தருகிறது. மெட்டாலிக்கா அதே மேடையில் வாசித்துக் காட்டியாயிற்று. விருது அவர்களுக்குத்தான் என்று அரங்கமே நம்புகிறது. போட்டியில் ஏசி/டிசி, இக்கி பாப், ஜேன்ஸ் அடிக்‌ஷன் இருக்கிறார்கள். ஐந்தாவது பெயர் ஜெத்ரோ டல். கிடைக்க வாய்ப்பே இல்லை என்று இசைத்தட்டு நிறுவனம் சொல்லிவிட்டதால், ஆண்டர்சன் விழாவுக்கே வரவில்லை.

ஆலிஸ் கூப்பரும் லிட்டா ஃபோர்டும் மேடைக்கு வந்தார்கள். உறை பிரிந்தது. பெயரைப் படித்ததும் அரங்கில் கேலிக் கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டே கிராமி அந்த விருதை இரண்டாகப் பிரித்தது.

அந்தச் சீட்டில் இருந்த பெயர் யாருடையது? அந்த ஒரு பெயரால் எது புரோகிரசிவ், எது மெட்டல், எது நாட்டுப்பாட்டு என்ற மொத்த வழக்கும் எப்படித் தலைகீழானது? அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் ‘பிப்ராக்’ பாட்டையும் ஒரு காவடிச்சிந்தையும் அடுத்தடுத்துக் கேட்டு வையுங்கள். உங்கள் தீர்ப்போடு வாருங்கள்.

(தொடரும்)