வடிகட்டியும் வளையமும்

பேராக் மாநிலத்தின் ரப்பர் வரலாறு 1877இல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள் நடப்பட்டதோடு தொடங்குகிறது. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்கள் நாள்தோறும் கண்ட கருவிகளுள் ஒன்று வடிகட்டி. வாளிகளில் வந்து சேர்ந்த பாலை நிறுத்தபின், கம்பிவலைச் சல்லடையில் ஊற்றுவர். இலைத் துணுக்கும் பட்டைத் தூளும் உறைந்த கட்டியும் மேலே தங்கிவிடும். அதன் பின்னரே நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய விடுவர். சல்லடை கிழிந்திருந்தால் ரப்பர்த் தாளில் அழுக்கு விழும், தரம் குறையும், விலையும் குறையும். வடிகட்டியின் அருமையை இவ்வாறு கைப்பழக்கத்தால் அறிந்திருந்த மக்களிடமே மற்றொரு வடிகட்டியும் பின்னாளில் வந்து சேர்ந்தது. அது மோட்டார் வண்டியின் எண்ணெய் வடிகட்டி.

தொடக்கக் காலக் கார்களில் அப்படியொரு பொருள் கிடையாது. எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு கம்பிவலை இருக்கும். பெரிய துணுக்குகளை மட்டுமே அது தடுக்கும். மாவு போன்ற நுண்தூள் எண்ணெயோடு சேர்ந்து சுழன்று, இயந்திரத்தின் தாங்கிகளை அரம்போல் அராவும். எண்ணெயை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாந்து, ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்னும் இருவர் 1923இல் கார்களுக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கிப் ‘பியூரோலேட்டர்’ எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே கிரைஸ்லர் கார் வடிகட்டியோடு விற்பனைக்கு வந்தது. அக்கால வடிகட்டிகளில் எண்ணெயின் சிறு பகுதி மட்டுமே வடிந்தது. எஞ்சியது வடியாமலே தாங்கிகளுக்குச் சென்றது. முழு எண்ணெயும் வடிந்து செல்லும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயிற்று.

1948ஆம் ஆண்டை மலாயா மக்கள் எளிதில் மறவார். அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் மோரிஸ் மைனர், லேண்ட் ரோவர் என்னும் இருவகை வண்டிகளும் அறிமுகமாயின. லேண்ட் ரோவர் துரைமார்களையும் காவலர்களையும் சுமந்து தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓடியது. மோரிஸ் மைனரோ கிராணிமார்களும் ஆசிரியர்களும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கிய வண்டி. தோட்டத்துப் புழுதியும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்க மணலும் இவ்வண்டிகளுக்குப் பகையாயின. மணலிலுள்ள குவார்ட்சுத் துகள் சாதாரண எஃகையும் கீற வல்லது. தாங்கியின் மென்மையான உலோகம் அதன் முன் எம்மட்டு!

பிற்கால மோரிஸ் மைனரில் எண்ணெய் வடிகட்டி ஓர் உலோகக் கிண்ணமாக இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும். நடுவே ஒரு நீண்ட திருகாணி. உள்ளே மாற்றத்தக்க வடிதாள். ஓட்டுநர்கள் இதனை ‘எலிமண்ட்’ என்பர். 3000 மைலுக்கு ஒருமுறை எண்ணெயையும், 6000 மைலுக்கு ஒருமுறை வடிதாளையும் மாற்றவேண்டும் என்பது விதி. இதற்குப் பட்டறையும் வேண்டியதில்லை. வீட்டு வாசலே போதும். இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டு, சூடேறி இளகிய எண்ணெயை அடித்திருகைக் கழற்றி வடியவிடுவர். கிண்ணத்தின் அடியில் ஒரு தட்டை வைத்து, நடுத்திருகாணியைத் தளர்த்துவர். கிண்ணம் எண்ணெயோடு கையில் வந்து இறங்கும். உள்ளே அடியில் ஒரு சுருள்வில், ஒரு தகடு, ஒரு வாசர். அவற்றை வரிசை மாறாமல் ஒரு துணியில் பரப்பி வைப்பது அனுபவசாலியின் அடையாளம். கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவினால் அடியில் சேறுபோல் படிந்திருந்த கரிய கசடு வெளிவரும். இத்தனை நாளும் இயந்திரம் எதை விழுங்காமல் தப்பியது என்பதை அந்தக் கசடு காட்டிவிடும்.

இவ்வேலையின் உயிர்நிலை வடிதாளில் இல்லை, வளையத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு பொருந்தும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் அமர்ந்திருக்கும். கிண்ணம் இறங்கினாலும் அது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பல மாதச் சூட்டில் இறுகி இரும்போடு இரும்பாகக் கறுத்துப்போன அதனை அறியாதவர் கண் காணாது. அதனை எடுக்காமல் புதிய வளையத்தை அதன்மேல் பொருத்திவிட்டால், இரண்டு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இயந்திரம் முடுக்கப்பட்டதும் எண்ணெய் அழுத்தம் ஏறும். இடைவெளி வழியே எண்ணெய் பீறிட்டு வெளியேறும். சில நிமிடங்களில் தொட்டி வறண்டு, தாங்கிகள் பற்றிக்கொள்ளும். சில காசு பெறும் வளையத்தால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் இரும்புக் குப்பையாகிவிடலாம். ஆதலால்தான் குண்டூசியால் பள்ளத்தைத் துழாவி, விரல் நுனியால் தடவிப் பார்த்த பின்னரே புதிய வளையத்தை வைப்பர். முடுக்கியபின் அழுத்த விளக்கு அணைகிறதா, விளிம்பில் ஈரம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தும் கொள்வர்.

அந்த வளையத்தில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. பால்மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் பருத்து வலுவிழந்துவிடும். எனவே, எண்ணெய் படும் இடங்களுக்கு 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரே உரியதாயிற்று. உலகுக்கு ரப்பர் தந்த பேராக்கின் தோட்டத்து வண்டியில், அந்தத் தோட்டத்து ரப்பருக்கு இடமில்லாத ஓரிடம் அது.

தமிழாசிரியர்கள் கருதவேண்டிய ஒன்று உண்டு. வண்டியோடு வந்த கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் மட்டும் படித்த ஓட்டுநர் இவ்வேலையைக் காதால் கேட்டும் கண்ணால் கண்டுமே கற்றார். ‘பில்டர்’, ‘வாசர்’, ‘கேஸ்கட்’ என்னும் சொற்கள் அவர் வாயில் தமிழோசை பெற்றுவிட்டன. ஆயினும், ‘வடிகட்டி’ என்னும் சொல் தோட்டத்திலேயே வழங்கியது; அதைக் கலைக்குழு கூடி ஆக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்தும், குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், மெங்லெம்பு போன்ற பகுதிகளுக்குப் பெயர்ந்தபோது, இந்தக் கைத்திறனும் எழுத்தில் ஏறாமலே கூடப் பெயர்ந்தது.

இதற்கிடையே 1950களின் நடுவில் அமெரிக்காவில் கிண்ணம், வடிதாள், வளையம் அனைத்தும் ஒரே தகரக் குப்பியாக அடைக்கப்பட்ட திருகு வடிகட்டி தோன்றியது. 1985 ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த புரோட்டோன் சாகாவிலும் இவ்வகைதான். பழையதைத் திருகி எறிந்து, புதியதன் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினால் வேலை தீர்ந்தது. கழுவவும் துழாவவும் தேவையில்லை. கசடைக் காணும் வாய்ப்பும் இல்லை. எளிமையைக் குறை கூற இயலாது. ஆயினும், ஒரு தலைமுறை தன் வண்டியின் வயிற்றைப் பார்க்காமலே வளர்ந்தது.

காலச்சக்கரம் மீண்டும் திரும்பியது. எண்ணெயில் தோய்ந்த எஃகுக் குப்பிகள் குப்பையில் மலையாகக் குவிவதைக் கண்ட ஜெர்மானிய நிறுவனங்கள் 1990களில் வடிதாளை மட்டும் மாற்றும் முறைக்குத் திரும்பின. டொயோட்டாவும் பின்னர்ச் சில இயந்திரங்களில் அதனைப் பின்பற்றியது. இப்போது கிண்ணத்துக்குப் பதில் பெரும்பாலும் ஞெகிழி மூடி. அதற்கென வாய்த்த குறடு வேண்டும். பல மூடிகளின்மேல் 25 நியூட்டன் மீட்டர் என்ற இறுக்க அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் முறுக்கினால் மூடி பிளக்கும். வளையத்துக்குரிய பள்ளம் எதுவென்று அறியாமல் அடுத்த பள்ளத்தில் மாட்டினால் எண்ணெய் கசியும். மோரிஸ் மைனரின் கிண்ணத்தைக் கழுவிய முதியவர் இம்மூடியைக் கண்டால் வியப்படையமாட்டார். வளையம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.

கழிவெண்ணெயை மட்டும் அம்முதியவர் வழியில் விட்டுவிட இயலாது. வேலிக்கால்களுக்குக் கறையான் அண்டாதிருக்கப் பூசுவதும், எஞ்சியதை வாய்க்காலில் ஊற்றுவதும் முன்னாளில் தவறாகக் கருதப்படவில்லை. அவ்வாய்க்கால் நீர் ஆற்றைச் சேரும் என்பதை எவரும் எண்ணவில்லை. 2005ஆம் ஆண்டின் மலேசியச் சுற்றுச்சூழல் விதிகள், பழைய மசகெண்ணெயை 305 என்னும் எண்ணிலும், எண்ணெய் தோய்ந்த வடிகட்டியையும் துணியையும் 410 என்னும் எண்ணிலும் அட்டவணைக் கழிவுகளாக வகுத்துள்ளன. வீட்டில் வேலை செய்பவர் வடிதாளை ஓர் இரவு தட்டின்மேல் கவிழ்த்து வைத்தால், அதிலுள்ள எண்ணெயின் பெரும்பகுதி சொட்டிவிடும். அதனைத் தொட்டியில் வடிந்த எண்ணெயோடு பழைய எண்ணெய்க் கலத்திலேயே ஊற்றி மூடி, வடிதாளையும் ஒரு பையில் கட்டி, கழிவெண்ணெய் வாங்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடலாம்.