திருத்தும் கையும் தேடும் கண்ணும்

அறிஞர் எழுதி, அறிஞர் சரிபார்த்து, ஏழு படிகளைக் கடந்த பின்னரே கட்டுரை வெளிவரும் என்பது 2000-ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய நியூபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் விதி. ஓராண்டில் முற்றுப்பெற்ற கட்டுரைகள் 30-ஐக்கூட எட்டவில்லை. அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15-இல் விக்கிப்பீடியா பிறந்தது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்றதும், ஓராண்டிற்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் குவிந்தன.

திறந்த வாயிலில் பொய்யும் நுழைந்தது. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி சகோதரர் கொலைகளோடு தொடர்புபடுத்தி, 2005 மே மாதம் பெயர் மறைத்து ஒருவர் எழுதிய பழிச்சொல் நான்கு மாதங்கள் அழியாது நின்றது. அவ்வாண்டு டிசம்பரில், பதிவு செய்யாதோர் ஆங்கிலப் பதிப்பில் புதுக்கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. எந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பது அதில் பதிவாகும். பழைய வடிவையும் மீட்கலாம். கருத்து மாறுபட்டோர் உரையாடல் பக்கத்தில் வாதிடுவர். அங்கே பட்டத்தினும் சான்றுக்கே மதிப்பு அதிகம். எனினும், பதிவேடு தானாகப் பொய்யைக் கண்டுபிடிக்காது. எவரேனும் ஒருவர் ஐயுற்று நோக்க வேண்டும். ஆகவே, அன்பர்களே, கட்டுரையோடு நின்றுவிடாமல், அடிக்குறிப்பு சுட்டும் மூலத்தையும் தேடிப் படிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.