என்.டி.எம்-1 பிறந்த கதை

2008 ஜனவரி. ஸ்வீடனில் 59 வயது நோயாளி ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. அவர் இந்திய வம்சாவளியினர்; சிறிது காலத்துக்கு முன் புது டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். கடைசிக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகூட அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை.

காரணம் ஒரு நொதி. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்கு உயிர்நாடியான பீட்டா-லாக்டம் வளையத்தை, துத்தநாக அயனிகளின் துணையோடு அது உடைத்துவிடுகிறது. 2009-இல் வந்த கட்டுரை டெல்லியின் பெயரைச் சேர்த்து அந்நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயரால் இந்தியாவில் கோபம் கிளம்பியது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவிலும் அந்த நொதியை உருவாக்கும் மரபணு இருந்தது. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ வளையத்தில் ஏறி, ஓர் இனத்துக் கிருமியிலிருந்து இன்னோர் இனத்துக்கு அது தாவக்கூடியது.

அந்த மரபணு பிறந்த இடம் அசினெட்டோபாக்டர் என்ற கிருமியாக இருக்கலாம். மரபணுவின் தொடக்கத் துண்டு, வேறொரு மருந்தை முறியடிக்கும் பழைய மரபணுவிலிருந்து வந்து ஒட்டியது. அந்தத் துண்டும் மீதிப் பகுதியும் சேர்ந்ததே இந்த மரபணு என்று 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியாவில் 2005-இல் சேகரித்த அசினெட்டோபாக்டரிலும் பின்னர் இது கண்டறியப்பட்டது.

2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை, சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் என்.டி.எம்-1 இருப்பதைச் சொன்னது. மறு வருடம் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியில் சோதித்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் அந்த மரபணு கிடைத்தது. மாத்திரையே தொடாதவர் வயிற்றுக்கும் அது போய்ச் சேரலாம்.

கிராமமானாலும் சென்னையானாலும், சளிக் காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு ரெண்டு வேளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் நடப்பது ஒன்றுதான். சளியை உண்டாக்கும் வைரஸை அது தொடாது. குடலில் மருந்துக்கு மடியும் பாக்டீரியாக்களைக் கொன்று, மடியாதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும்.

இந்தப் போக்கைத் தடுக்க வழி தேடி, 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை அமலுக்கு வந்தது: அதிலுள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செபிக்ஸிம் அதில் உண்டு. நம் வீடுகளில் அதிகம் புழங்கும் அமாக்ஸிசிலின் அதில் இல்லை. ஆனாலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் அதையும் விற்கக் கூடாது என்பதே சட்டம்.