வீட்டுக்குப் போகும் வேளை

பெரிய காரியங்கள் எல்லாம் பெரிய லட்சியங்களிலிருந்துதான் பிறக்கின்றன என்று காட்டுவதில் சரித்திர ஆசிரியர்களுக்கு ஓர் ஆசை உண்டு. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அவசர சிகிச்சை ஒன்றையே தொழிலாகக் கொண்ட டாக்டர்கள் தோன்றிய கதையை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு மனிதர் வேளையோடு வீட்டுக்குப் போக ஆசைப்பட்டார். அந்தத் தொழில் முளைத்ததில் அந்த ஆசைக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் பெயர் ஜேம்ஸ் மில்ஸ். அமெரிக்காவில், வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் அலெக்ஸாண்ட்ரியா என்று ஓர் ஊர். வர்ஜீனியா மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே அவர் குடும்ப வைத்தியராக இருந்தார். குடும்ப வைத்தியர் பாடு நமக்குத் தெரியாததா? பகலெல்லாம் நோயாளிகள், ராத்திரியில் டெலிபோன் மணி. ஊரார் பிள்ளைகளின் ஜுரம் எத்தனை டிகிரி என்று மனப்பாடமாக இருக்கும். தம் பிள்ளை எத்தனாவது வகுப்பு என்று கேட்டால் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்!

அந்தக் காலத்து அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் 'எமர்ஜென்ஸி ரூம்' என்பது பெயருக்கேற்றபடி ஓர் அறைதான். அதற்கென்று தனி டாக்டர் கிடையாது. படிப்பை அப்போதுதான் முடித்த பயிற்சி டாக்டர்கள் கவனிப்பார்கள். அவர்கள் போதாத இடத்தில், ஆஸ்பத்திரியோடு சம்பந்தமுள்ள டாக்டர்கள் முறை போட்டுக்கொண்டு வருவார்கள். மார்பைப் பிடித்துக்கொண்டு வந்து விழுகிறவருக்கு, அன்றைய முறைக்காரர் தோல் வியாதி நிபுணராக வாய்த்தால் அது அவர் தலையெழுத்து. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு டாக்டர்கள் வீடு தேடி வருவது குறைந்தது. மோட்டார்களும் மோட்டார் விபத்துக்களும் பெருகின. ஜனங்கள் அந்த அறையின் வாசலில் வந்து நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேண்டும். தமக்கு நேரம் வேண்டும். இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்ததுதான் மில்ஸின் சாமர்த்தியம். 1961-ஆம் ஆண்டில் அவரும் வேறு மூன்று டாக்டர்களும் தங்கள் சொந்தத் தொழிலை மூடிவிட்டு, அந்த அறையையே முழுநேரமும் பார்த்துக் கொள்வதென்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு முறைக்கு 12 மணி நேரம். 5 நாள் வேலை, 5 நாள் ஓய்வு. நேரம் முடிந்தால் அடுத்தவர் வந்துவிடுவார். கோட்டை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டலாம். வீட்டில் டெலிபோன் அடித்தால் அது சம்பந்தி வீட்டிலிருந்தாகத்தான் இருக்கும்.

'அலெக்ஸாண்ட்ரியா திட்டம்' என்ற பெயரோடு இது பரவியது. 1968-ல் இத்தகைய டாக்டர்களுக்கு ஒரு சங்கம், 1970-ல் சின்சினாட்டி சர்வகலாசாலையில் இதற்கென்றே பயிற்சி, 1979-ல் அமெரிக்காவில் தனித் துறையென்ற அந்தஸ்து. இந்தியாவில் அந்த அங்கீகாரம் 2009-ல்தான் வந்தது.

இத்துடன் சுபம் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மில்ஸ் எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்று பார்க்க வேண்டும். குடும்ப வைத்தியர் தூக்கத்தை இழந்தாலும் அவருக்கு நோயாளியைத் தெரியும். பிழைத்தவன் அடுத்த மாதம் தெருவில் எதிர்ப்பட்டுக் கும்பிடு போடுவான். எமர்ஜென்ஸி டாக்டருக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்நியர்கள். நாவல் எழுதுகிறவனாக இதை நினைத்தால் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு கதையிலும் மிகப் பயங்கரமான அத்தியாயம் ஒன்றை மட்டும் பிரித்துக் கையில் கொடுத்து, முன்கதையும் சொல்லாமல், முடிவும் தெரிவிக்காமல் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? ஒரு ராத்திரியில் இருபது கதை! ஒரு தாயாரிடம் சொல்லக்கூடாத சேதியைச் சொல்லிவிட்டு, அடுத்த திரையை விலக்கிக் காதுவலிக்காரரிடம் புன்னகையோடு பேச வேண்டும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று மாறி மாறி வரும் முறையில் உடம்பு எதற்கும் பழகாது. வேலைக்கு நேரம் உண்டு. மனத்தை விட்டு அது இறங்குவதற்கு நேரம் கிடையாது.

1974-ல் நியூயார்க் மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச வைத்தியசாலையில் உழைத்து ஓய்ந்தவர்களைக் கண்டு, அந்த நிலையைப் 'பர்ன் அவுட்' என்று எழுதினார். எண்ணெய் வற்றித் திரி கருகுவது என்று நாம் சொல்லலாம். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், இந்த நோய் மிகுதியாகக் காணப்பட்ட துறை எது தெரியுமா? மில்ஸின் துறைதான். மூன்றில் இரண்டு பேருக்குக் கிட்டத்தட்ட அந்த நிலை.

2020 வசந்த காலத்தில் கொரோனா நியூயார்க்கைச் சூறையாடிய போது, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்ஸி பிரிவின் தலைவியாக இருந்தவர் லோர்னா பிரீன், வயது 49. அவருக்கும் அந்த ஜுரம் வந்தது. தேறி எழுந்து, ஏப்ரல் முதல் தேதி வேலைக்குத் திரும்பினார். 12 மணி நேர முறை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. சில நாளில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முடியாத நிலை வந்தது. குடும்பத்தார் வர்ஜீனியாவுக்கு அழைத்துச் சென்று வைத்தியம் செய்வித்தார்கள். மனத்துக்கு வைத்தியம் செய்துகொண்டது வெளியே தெரிந்தால் டாக்டர் லைசென்ஸ் போய்விடுமோ என்பதுதான் அவருடைய அச்சம் என்று பிறகு அவர்கள் சொன்னார்கள். ஏப்ரல் 26-ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அந்த அச்சம் வெறும் பிரமை அல்ல. பல மாகாணங்களின் லைசென்ஸ் படிவங்களில், எப்போதாவது மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்வி அச்சாகியிருந்தது. உயிருக்கு மன்றாடுகிறவர்களை இரவெல்லாம் காக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது! 2022 மார்ச்சில், வைத்தியர்களின் மனநலத்துக்கு உதவும் சட்டம் ஒன்று பிரீனின் பெயராலேயே அமெரிக்காவில் நிறைவேறியது. அவருடைய தங்கையும் தங்கை கணவரும் படிவத்திலுள்ள அந்தக் கேள்வியை அடிக்கச் சொல்லி மாகாணம் மாகாணமாக முயன்றார்கள். பல மாகாணங்கள் அதை அடித்துவிட்டன.