சுத்தமான ஒலி என்பது யாருடைய ஒலி?

நாட்டுப்புற இசையில் நன்றாகப் பதிவானவை எவை, எதைத் தேடிக் கேட்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். ஆனால் ‘நன்றாக’ என்கிற சொல் இருக்கிறதே, அதுதான் சிக்கல். எந்தக் காதுக்கு நன்றாக? அந்தக் காதைப் பழக்கியது யார்?

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தே தொடங்கலாம். ஊர்ப் பெயரில் இருப்பவர் தமிழிசை இயக்கத்தின் புரவலர். அடையாற்றங்கரையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் பிராடி என்கிற கம்பெனி அதிகாரி கட்டிய மாளிகை பின்னாளில் அரசு இசைக் கல்லூரி ஆயிற்று. 2013இல் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இங்கே வந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது எழுந்த மையமான கேள்வி, மேடையில் எந்த மொழியில் பாடுவது என்பது. அவசியமான கேள்விதான். மேடையே யாருடையது என்பது அடுத்த கேள்வி. மிருதங்கமும் தோல், பறையும் தோல். ஒன்று கச்சேரிக்குள் உட்கார்ந்தது, இன்னொன்று சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டது. சாகித்யத்தின் மொழியை மாற்றினால் மட்டும் இந்த ஏற்பாடு கலைந்துவிடாது.

அச்சும் இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நா. வானமாமலையின் தொகுப்புகள் 1960களில் இப்பாடல்களுக்கு வரலாற்று மதிப்பை ஈட்டித் தந்தன. அவர் உழைப்பு பெரியது. ஆனாலும் அச்சில் வருவது சொல் மட்டும்தான். ஒப்பாரியில் ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி எடுத்துக்கொள்கிற மூச்சு, குலவை, நடுவில் விழுகிற கேலி எல்லாம் பக்கத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அமெரிக்காவைக் கொஞ்சம் பார்ப்போம். 1927இல் ரால்ஃப் பியர் என்கிற தயாரிப்பாளர் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் கருவிகளை இறக்கி, கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தார். ‘கண்ட்ரி’ இசையின் பிறப்பு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். அன்றைய இசைத்தட்டுக் கம்பெனிகளோ ஒரே மண்ணின் பாட்டை இரண்டு பட்டியல்களாகப் பிரித்து விற்றன: வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’, கறுப்பருக்கு ‘ரேஸ்’. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தபோது கூடவே போய் மெட்டுகளை நினைவில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில், ஒரு கறுப்பர். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 1952இல் ஹாரி ஸ்மித் 84 பழைய பதிவுகளைத் தொகுத்தபோது, பாடியவர் எந்த நிறம் என்று வேண்டுமென்றே குறிக்காமல் விட்டார். கேட்பவர்களின் காது குழம்பியது. குழம்பட்டும், அதுதான் அரசியல்.

நம்மூர் ஸ்டுடியோவில் நடப்பது என்ன? நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய பறையின் முதல் அடி மைக்குக்கு அதிகம் என்று அழுத்திச் சமப்படுத்துகிறார்கள். தலைப்பாட்டு ஒரு நாள், பின்பாட்டு இன்னொரு நாள். மேலே கீபோர்டு. கேட்க ‘சுத்தமாக’ இருக்கும். சுத்தம் என்பது இங்கே வெறும் தொழில்நுட்பச் சொல் அல்ல, சாதியச் சொல்லாடலும்கூட. அறையின் எதிரொலி, ஆள் நடமாட்டம், குரலின் கரகரப்பு என்று உடம்பை நினைவூட்டுகிற எல்லாமே ‘அழுக்கு’ ஆகிவிடுகிறது.

சரி, எதைக் கேட்பது? கே.ஏ. குணசேகரன் பாடியவற்றைத் தேடுங்கள். இன்குலாபின் ‘மனுசங்கடா’வை அவர் குரலில் கேட்டால், தெளிவு என்பது உச்சரிப்பிலும் கோபத்திலும் இருப்பது புரியும். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாடல்களில் கள ஆய்வும் மேடையும் சந்திக்கிற இடத்தைக் கவனியுங்கள். 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி பாடியதைக் கேட்கும்போது, இசையமைப்பு அந்தக் குரலுக்கு எங்கே வழி விடுகிறது, எங்கே அணை கட்டுகிறது என்று பாருங்கள். 2018 ஜனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவை ராக், ராப் பக்கத்தில் நிறுத்தியது. அங்கே நவீனக் கருவி கானாவைக் கழுவவில்லை, சத்தத்தைக் கூட்டியது. வெளியிலிருந்து ஒன்று: 1968இல் ஜானி கேஷ் ஃபால்சம் சிறையில் பதிவு செய்த தட்டு. கைதிகளின் ஆரவாரம் அதில் இரைச்சல் இல்லை, அதுவும் இசைதான்.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 1938இல் ஆர்னால்ட் பேக் தமிழகத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் செய்த பதிவுகளை 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனார்கள், அந்தக் கலைகளும் கலைஞர்களும் என்ன ஆனார்கள் என்று பார்க்க. பதிவு ஆவணக் காப்பகத்தில் தூங்காமல் ஊருக்குத் திரும்பியது.

ஆகவே என் அளவுகோல் இதுதான். பாடியவர் பெயர் இருக்கிறதா? அடிக்கிறவர் பெயர் இருக்கிறதா? பிரதி அவர்கள் கைக்குப் போனதா? காசு போனதா? இன்று பை நிறையக் கருவிகளோடு கிராமத்துக்குப் போகிற நம் தோழர்கள் மைக்கை எங்கே வைப்பது என்பதோடு இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்த நாலும் இல்லாத பதிவு, ஒலி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மோசமான பதிவுதான்.